எதிரொலிக்குச் செவி கொடுத்த அறிஞர் பால் லாஞ்செவின்

இராமநாதபுரம் மாவட்டத்தின் வடகிழக்குக் கரையில், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் காரங்காடு. பாக் விரிகுடாவின் உப்புக் காற்றும், அலையாத்திக் காட்டின் பசுமையும், நாடி வரும் நீர்ப்பறவைகளும் அவ்வூரின் செல்வங்கள். வனத்துறையினர் அங்கே படகுச் சவாரிக்கு ஏற்பாடு செய்த பிறகு, விடுமுறை நாள்களில் வெளியூர்க் கார்கள் வரிசை வரிசையாக வந்து நிற்கின்றன.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. கார் ஒன்று பின்னோக்கி நகர்ந்து கொண்டிருந்தது. பின்னால் மரம் ஒன்று நெருங்க நெருங்க, காருக்குள்ளிருந்து எழுந்த கூவல் ஒலி விரைந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். திசையை மாற்றிக்கொண்டு மீண்டும் பின்வாங்கினார். இம்முறை கருவி வாய் திறக்கவில்லை. பின்னால் ஒன்றும் இல்லை என்று அவர் நம்பினார். ஆனால் அங்கே காயப்போட்ட வலைக்குவியல் ஒன்று இருந்தது. அதன் மறுபுறம் சிறுமி ஒருத்தி குனிந்து சிப்பி பொறுக்கிக் கொண்டிருந்தாள். வயது முதிர்ந்த மீனவர் ஒருவர் ஓடி வந்து காரின் முதுகில் ஓங்கித் தட்டினார். வண்டி நின்றது. சிறுமி நிமிர்ந்து பார்த்துவிட்டு ஓடிப் போனாள். யாருக்கும் ஒன்றும் நேரவில்லை.

மரத்தைக் கண்ட கருவி வலையை ஏன் காணவில்லை? இந்த வினா எம்மை ஒரு மாமனிதரின் வரலாற்றுக்கு அழைத்துச் சென்றது. காரின் பின்னால் பொத்தான் அளவில் பதிந்திருக்கும் அக்கருவியின் மூதாதை, நூறாண்டுகளுக்கு முன் பிரான்சு நாட்டில் ஒரு போரின் நடுவே பிறந்தது. அதனைப் பிறப்பித்தவர் பால் லாஞ்செவின். அறிவும் அறமும் ஒருங்கே பெற்றிருந்த அப்பெருந்தகையின் வாழ்க்கையை, மாணவ நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் சுருங்க எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கல்வியும்

பால் லாஞ்செவின் 1872-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23-ஆம் நாள் பாரிசு மாநகரில் பிறந்தார். அவர் பெரும் செல்வக் குடும்பத்தில் தோன்றியவர் அல்லர். 1888-இல், பதினாறாம் வயதில், பாரிசு நகராட்சி நிறுவியிருந்த இயற்பியல் வேதியியல் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். அக்கல்வி நிலையம் தொடங்கப்பெற்று ஆறாண்டுகளே ஆகியிருந்தன. பழம்பெருமையோ பெரிய கட்டடங்களோ அதற்கு இல்லை. ஆயினும் அங்கே ஆய்வுக்கூடப் பொறுப்பில் இருந்த இளம் ஆசிரியர் ஒருவர் அந்தக் குறைகளையெல்லாம் ஈடு செய்தார். அவர்தாம் பியர் கியூரி.

பியர் கியூரியும் அவர் தமையனார் ஜாக் கியூரியும் 1880-ஆம் ஆண்டில் வியத்தகு உண்மை ஒன்றைக் கண்டறிந்திருந்தனர். குவார்ட்சு போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னேற்றம் தோன்றுகிறது. அடுத்த ஆண்டில் அதன் மறுதலையும் மெய்ப்பிக்கப்பட்டது: அத்தகைய படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால், அது மிக நுண்ணிய அளவில் சுருங்கும், விரியும். இதனை அழுத்தமின் விளைவு என்கிறோம். அந்நாளில் அது ஆய்வுக்கூடத்து விந்தையாகவே இருந்தது. உலகுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்டால், விடை சொல்ல ஆள் இல்லை. ஆனால் ஆசிரியரின் கண்டுபிடிப்பு மாணவரின் உள்ளத்தில் விதையாய் விழுந்தது. அது முளைக்க முப்பது ஆண்டுகள் ஆயின.

1894-இல் லாஞ்செவின் பிரான்சின் புகழ்பெற்ற உயர் ஆசிரியர் கல்லூரியில் இடம் பெற்றார். 1897-இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஓராண்டு தங்கினார். எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன் அங்கே தலைவர். ரூதர்ஃபோர்டு உடன் பயின்றவர். வாயுக்களில் மின்மங்கள் இயங்கும் வகையை ஆராய்ந்து, 1902-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அறிஞர் அவையில்

1905-ஆம் ஆண்டில் காந்தவியலில் அவர் அளித்த கொள்கை, இன்றும் நம் இயற்பியல் பாடநூல்களில் இடம்பெறுகிறது. சில பொருள்கள் காந்தத்தால் மெல்ல ஈர்க்கப்படுவதும், வெப்பம் மிகும்போது அந்த ஈர்ப்புக் குறைவதும் ஏன் என்பதை அணுக்களின் நிலையிலிருந்து விளக்கியவர் அவர். அதே ஆண்டில், பியர் கியூரி சார்போன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றதால் காலியான ஆசிரியர் பதவி, தாம் பயின்ற தொழிற்பள்ளியிலேயே லாஞ்செவினுக்குக் கிட்டியது. ஆசிரியர் நின்ற இடத்தில் மாணவர் நின்றார்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1906 ஏப்ரல் 19 அன்று, மழை பெய்த ஒரு பிற்பகலில், பாரிசுத் தெருவொன்றைக் கடக்கையில் பியர் கியூரி சரக்கு ஏற்றிய குதிரை வண்டியின் சக்கரத்தில் சிக்கி உயிர் நீத்தார். அவருக்கு அப்போது வயது 46. உலகம் ஓர் ஒப்பற்ற அறிஞரை ஒரு சாலை விபத்தில் இழந்தது.

ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையைப் பிரான்சில் பரப்பிய முதல்வர்களுள் லாஞ்செவினும் ஒருவர். 1911-இல் இத்தாலியின் பொலோனா நகரில், ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் விண்ணில் சென்று இரண்டாண்டு மூப்புடன் திரும்பும் பயணி, பூமியில் இருநூறு ஆண்டுகள் கழிந்துவிட்டதைக் காண்பான் என்று விளக்கினார். இரட்டையர் புதிர் என்று நாம் இன்று கற்பதன் மூலம் அதுவே.

அதே 1911 அவருக்குத் துன்ப ஆண்டாகவும் அமைந்தது. அவருடைய மணவாழ்க்கை கசந்து போயிருந்தது. கணவரை இழந்த மேரி கியூரி அம்மையாரோடு அவர் கொண்டிருந்த அன்பை ஏடுகள் தெருவுக்கு இழுத்தன. அம்மையார் அயல்நாட்டவர் என்பதையும் சேர்த்து இழித்துரைத்தன. இழிவாக எழுதிய இதழாசிரியர் ஒருவரை லாஞ்செவின் கைத்துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். களத்தில் இதழாசிரியர் தம் துப்பாக்கியை உயர்த்தவில்லை, லாஞ்செவினும் சுடவில்லை. பெரியோர் வாழ்விலும் புயல் உண்டு; அப்புயலில் பெரிதும் அடிபட்டவர் அம்மையாரே என்பதையும் நாம் மறைக்கலாகாது.

கடலுக்குள் கேட்ட குரல்

1912-இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. செருமானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் கண்ணுக்குப் புலனாகாமல் வந்து கப்பல்களைக் கவிழ்த்தன. ஒளி கடலுக்குள் அதிகத் தொலைவு செல்வதில்லை. வானொலி அலைகளோ உப்பு நீரில் விரைவில் மடிந்து போகின்றன. ஒலி ஒன்றே நீரில் நெடுந்தொலைவு செல்ல வல்லது. நம் கடலில் துள்ளி விளையாடும் ஓங்கில்கள் ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே இரை தேடுகின்றன. மனிதனும் அவ்வாறு செய்ய இயலுமா?

உருசியப் பொறியாளர் கான்ஸ்டன்டின் சிலோவ்ஸ்கி இத்தகைய திட்டம் ஒன்றைப் பிரெஞ்சு அரசுக்கு அனுப்பினார். 1915-இல் அது லாஞ்செவினிடம் ஒப்படைக்கப்பட்டது. இருவரும் இணைந்து உழைத்தனர். இங்கே ஒரு நுட்பத்தை நாம் மனங்கொள்ள வேண்டும். நம் காதுக்குக் கேட்கும் ஒலியின் அலைநீளம் பெரிது. அது நாற்புறமும் பரவிவிடும். கைவிளக்கின் ஒளிக்கற்றையைப் போல ஒரே திசையில் ஒலியைச் செலுத்த வேண்டுமானால், அலைநீளம் சிறிதாக வேண்டும். அதாவது அதிர்வெண் மிக உயர வேண்டும். மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அதற்கும் மேற்பட்டது மீயொலி. நொடிக்கு 40,000 அதிர்வுகள் என்று கொண்டால், நீரில் அதன் அலைநீளம் நான்கு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு.

முதலில் அவர்கள் அப்பிரகத் தகட்டை இரு மின்வாய்களுக்கிடையே வைத்து அதிரச் செய்து ஒலியை எழுப்பினர். கரித்துகள் நிரம்பிய ஒலிவாங்கியால் கேட்டனர். 1916-இல் இக்கருவியால் நீருக்கடியில் இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குக் குறிப்பொலி அனுப்ப முடிந்தது. 200 மீட்டர் தொலைவில் வைத்த இரும்புத் தகட்டிலிருந்து எதிரொலியும் வந்தது. இருவர் பெயரிலும் காப்புரிமை பதிவாயிற்று. ஆனால் கருவி வலுவற்றதாயிருந்தது, அடிக்கடி பழுதுற்றது.

1917-இல்தான் ஆசிரியர் இட்ட விதை முளைத்தது. பியர் கியூரியின் படிகம் லாஞ்செவினின் நினைவுக்கு வந்தது. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகம், நீரில் வரும் நுண்ணிய ஒலியழுத்தத்தையும் மின்சாரமாக மாற்றாதா? மின்சாரம் கொடுத்தால் அதிரும் படிகம், ஒலியையும் எழுப்பாதா? பாரிசில் கண்ணாடிக் கருவிகள் விற்கும் கடையொன்றில் இருந்த பெரிய குவார்ட்சுப் படிகத்தைப் பெற்று, வில்லைகளாக அறுத்துச் சோதித்தார். படிகம் பேசியது, படிகமே கேட்கவும் செய்தது. அதுகாறும் இரண்டு கருவிகள் செய்த வேலையை ஒரே கருவி செய்தது.

மெல்லிய குவார்ட்சுத் துண்டுகளைத் தரையில் கல் பாவுவது போல் பரப்பி, மேலும் கீழும் உருக்குத் தகடுகளை ஒட்டினார். மூன்றும் ஒன்றாய் அதிர்ந்தபோது தேவையான அதிர்வெண்ணும் ஆற்றலும் கிட்டின. இவ்வமைப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1918 பெப்ரவரியில் எட்டுக் கிலோமீட்டர் தொலைவுக்கு ஒலி சென்றது. நீரில் மூழ்கியிருந்த நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து முதன்முறையாகத் தெளிவான எதிரொலி வந்தது. ஒலிக்கற்றையின் பாதையில் அகப்பட்ட சிறு மீன்கள் மடிவதையும், அதில் வைத்த கை வலிப்பதையும் அவர் கண்டார். மீயொலி உயிர்களின் உடலையும் தாக்க வல்லது என்பதற்கு அதுவே முதற்சான்றுகளுள் ஒன்று.

அவ்வாண்டு நவம்பரில் போர் முடிந்தது. கருவி போரில் பெரும்பங்கு ஆற்றும் முன்பே அமைதி வந்துவிட்டது. 1920-களில் அதே நுட்பம் கடலின் ஆழத்தை அளக்கும் எதிரொலிமானியாயிற்று. முன்பு ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி ஆழம் பார்த்த மாலுமி, இப்போது ஓசையை இறக்கி ஆழம் பார்த்தான். இன்று நம் கரையோர விசைப்படகுகளில் உள்ள மீன் காட்டும் கருவியும், மருத்துவமனைகளில் கருவிலிருக்கும் குழந்தையைக் காட்டும் கருவியும் இவ்வழி வந்தவையே.

கடலிலிருந்து காருக்கு

1940-களிலும் 1950-களிலும் குவார்ட்சைக் காட்டிலும் வலிமையாக அதிரும் பீங்கான் பொருள்கள் கண்டறியப்பட்டன. கருவி சிறுத்தது, விலை குறைந்தது. 1982-இல் டொயோட்டா நிறுவனம் தன் கொரோனா காரில் பின்புற ஒலியுணரியைப் பொருத்தி விற்றது. நம் நாட்டில் 2019 சூலை 1 முதல் தயாராகும் புதிய கார்களுக்குப் பின்புற உணரி கட்டாயமாக்கப்பட்டது.

இவ்வுணரி இயங்கும் முறை எளிது. பம்பரில் பதிந்த ஒவ்வொரு பொத்தானுக்குள்ளும் சிறு அலுமினியக் கிண்ணம் உண்டு. அதன் அடியில் பீங்கான் வில்லை ஒட்டப்பட்டிருக்கும். பின்னோட்டக் கியரைப் போட்டதும், வில்லைக்கு நொடியின் மிகச்சிறு பகுதி நேரம் மின்துடிப்புச் செல்கிறது. நொடிக்கு 40,000 அல்லது அதற்கும் மேற்பட்ட அதிர்வுகள் கொண்ட மீயொலி புறப்படுகிறது. பிறகு வில்லை வாய் மூடிச் செவி திறக்கிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். தடை ஒரு மீட்டர் தொலைவில் இருந்தால், ஒலி போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். ஆயிரத்தில் ஆறு பங்கு நொடியில் எதிரொலி வந்து சேரும். அரை மீட்டரானால் ஆயிரத்தில் மூன்று பங்கு. இந்தக் காலத்தை அளந்து, தொலைவைக் கணித்து, அதற்கேற்பக் கூவலை விரைவுபடுத்துகிறது காரின் கணிப்பான். நாம் கேட்கும் கூவல் வேறு; காற்றில் செல்லும் மீயொலி வேறு. பின்னதை நாம் கேட்கவே முடியாது.

லாஞ்செவின் கடலில் செய்ததற்கும் இதற்கும் கொள்கையளவில் வேறுபாடு இல்லை. அங்கே கிலோமீட்டர், இங்கே இரண்டு மீட்டர். அங்கே நீர்மூழ்கி, இங்கே மதிற்சுவர்.

சிறிய ஆய்வகமும் பெரிய வட்டமும்

லாஞ்செவின் தம் தொழிற்பள்ளியை விட்டு விலகவில்லை. பின்னாளில் அதன் இயக்குநராகவும் விளங்கினார். 1924-இல் லூயி தெ பிராய் என்னும் மாணவர், பொருள்களுக்கும் அலைத்தன்மை உண்டு என்ற புதுமையான ஆய்வேட்டைக் கொடுத்தபோது, லாஞ்செவின் அதனை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். ஐன்ஸ்டைன் பாராட்டினார். 1929-இல் அம்மாணவர் நோபெல் பரிசு பெற்றார். தமக்கு முழுதும் விளங்காததையும் தள்ளிவிடாத ஆசிரியர் வாய்ப்பது மாணவர்க்குப் பெரும்பேறு.

அதே தொழிற்பள்ளியில் 1932-இல் லூக்கா, பிக்கார் என்னும் இருவர், மீயொலி பாயும் திரவத்தின் வழியே ஒளியைச் செலுத்தியபோது, ஒளி பல கற்றைகளாகப் பிரிவதைக் கண்டனர். அமெரிக்காவிலும் அவ்வாண்டே அது காணப்பட்டது. கற்றைகள் பல தோன்றுவதும், அவற்றின் ஒளிச்செறிவு மாறுவதும் ஏன் என்பது தெளிவாகவில்லை. நிறைவான விளக்கம் பாரிசிலிருந்து வரவில்லை, பெங்களூரிலிருந்து வந்தது. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த நம் சர் சி. வி. இராமன், தம் மாணவர் நாகேந்திர நாத்துடன் 1935, 1936 ஆண்டுகளில் இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் ஐந்து கட்டுரைகளாக அதனை வெளியிட்டார். இராமன்-நாத் கொள்கை என்று உலகம் அதனைப் போற்றுகிறது. சேன் ஆற்றங்கரையில் எழுந்த வினாவுக்குக் காவிரிக்கரையில் பிறந்தவர் விடை தந்தார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

சோதனைக் காலம்

1930-களில் ஐரோப்பாவைச் சர்வாதிகார இருள் சூழ்ந்தது. ஆய்வுக்கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட லாஞ்செவினால் இயலவில்லை. 1934-இல் பாசிசத்தை எதிர்க்கும் அறிவாளர் குழு உருவானபோது முன்னணியில் நின்றார். செருமனியிலிருந்து துரத்தப்பட்ட அறிஞர்களுக்காகக் குரல் கொடுத்தார்.

1940-இல் பாரிசு நாஜிகளின் கையில் வீழ்ந்தது. அக்டோபர் 30 அன்று, 68 வயது முதியவரான லாஞ்செவின் கைது செய்யப்பட்டு லா சாந்தே சிறையில் அடைக்கப்பட்டார். நவம்பர் 8 அன்று, அவர் பாடம் நடத்தும் கல்லூரியின் முன்னே மாணவர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். படைகள் நிறைந்த நகரில், ஆசிரியருக்காக மாணவர் வீதிக்கு வந்தது எளிய செயலன்று. ஏறத்தாழ நாற்பது நாள் சிறைக்குப் பின், திருவா என்னும் ஊரில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்.

அடுத்து வந்த இடிகள் அதனினும் கொடியவை. அவர் மகள் எலேனின் கணவர் ஜாக் சாலமோன் என்னும் இளம் இயற்பியலாளர், எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டமைக்காக 1942 மே 23 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1943 சனவரியில் எலேன் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். மகள் உயிரோடு இருக்கிறாரா என்பதைக் கேட்டறியத் தந்தையிடம் கருவி எதுவும் இல்லை. கடலின் அடியில் மறைந்த கப்பலை அறிந்தவர், மண்ணின் மேல் மறைக்கப்பட்ட மகளை அறிய இயலாது தவித்தார்.

1944 மே மாதத்தில் அவர் காவலிலிருந்து தப்பிச் சுவிட்சர்லாந்து சேர்ந்தார். பாரிசு விடுதலை பெற்றதும் திரும்பினார். 1945-இல் எலேன் உயிருடன் மீண்டார்.

இறுதிப் பணி

முதுமையிலும் நோயிலும் அவர் ஏற்ற கடைசிப் பணி கல்விச் சீர்திருத்தம். 1944 நவம்பரில் பிரெஞ்சு அரசு அமைத்த கல்விக் குழுவுக்குத் தலைவரானார். செல்வர் பிள்ளைக்கு ஒரு கல்வி, உழைப்பாளி பிள்ளைக்கு வேறு கல்வி என்ற பிரிவு கூடாது. கைத்தொழிலும் அறிவுத்துறையும் ஏற்றத்தாழ்வு இன்றி மதிக்கப்பட வேண்டும். பதினெட்டு வயது வரை கல்வி யாவர்க்கும் உரியதாக வேண்டும் என்பன அக்குழுவின் பரிந்துரைகள். அவருக்குப் பின் தலைமை ஏற்ற உளவியலறிஞர் வால்லோனின் பெயரும் சேர, லாஞ்செவின்-வால்லோன் திட்டம் என 1947-இல் அது வெளிவந்தது. அப்படியே நிறைவேறவில்லை என்றாலும், பிரான்சின் கல்விச் சிந்தனையில் நெடுங்காலம் வழிகாட்டியாய் நின்றது. நகராட்சிப் பள்ளியில் படித்து உயர்ந்தவர், தாம் ஏறி வந்த ஏணியைப் பிறருக்கும் நிறுத்தி வைக்க விரும்பினார். அரசுக் கல்லூரியில் பயிலும் நமக்கு அதன் அருமை தெரியும்.

1946 திசம்பர் 19 அன்று லாஞ்செவின் காலமானார். 1948 நவம்பரில் அவருடைய உடல், நாட்டின் சான்றோர் துயிலும் பாந்தியோன் மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டில் அவருடைய பேரர் மிஷேல், பியர்-மேரி கியூரி இணையரின் பேர்த்தி எலேனை மணந்தார். ஆசிரியர் குடும்பமும் மாணவர் குடும்பமும் ஒன்றாயின.

காரங்காட்டு வலையும் கருவியின் எல்லையும்

இனித் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். மரத்தைக் கண்ட கருவி வலையை ஏன் காணவில்லை?

எதிரொலி திரும்பினால்தான் கருவி அறியும். கெட்டியான, தட்டையான, நேர் எதிரே நிற்கும் பரப்பு ஒலியை நன்றாகத் திருப்பும். வலையோ ஓட்டைகள் நிறைந்தது; ஒலியின் பெரும்பகுதி அதனுள் புகுந்து சிதறிவிடும். தடித்த துணி, பஞ்சு, வைக்கோல் ஆகியனவும் ஒலியை விழுங்கும். காற்றில் இம்மீயொலியின் அலைநீளம் எட்டு ஒன்பது மில்லிமீட்டர்தான். அதனினும் மெலிந்த கயிறும் கம்பியும் தரும் எதிரொலி மிக நலிந்தது. சாய்வான பரப்பு, சாய்த்து வைத்த கண்ணாடி ஒளியைத் திருப்புவது போல, ஒலியை வேறு பக்கம் அனுப்பிவிடும். பம்பருக்கும் கீழே குனிந்திருக்கும் தாழ்ந்த கல், முளைக்குச்சி, சிறு குழந்தை ஆகியவை கற்றைக்குள் அகப்படாமல் போகலாம்.

மிக அண்மையிலும் கருவிக்குக் கண் இல்லை. ஓசை எழுப்பிய வில்லை, அடித்த மணியைப் போலச் சற்று நேரம் அதிர்ந்து கொண்டே இருக்கும். அதற்குள் வரும் எதிரொலியை அதனால் பிரித்தறிய முடியாது. அதனால் ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டருக்கு உட்பட்ட தொலைவைச் சரியாக அளக்க இயலாது. அந்நெருக்கத்தில் இடைவிடாக் கூவல் ஒன்றையே எழுப்பும். வெயில் ஏறினால் ஒலியின் வேகமும் ஏறும். பாகைக்கு நொடியில் 0.6 மீட்டர் வீதம். கார் அதனை ஈடு செய்யாவிட்டால் அளவில் சிறு பிழை நேரும். உணரியின் முகத்தில் சேறு அப்பினால், அது செவியில் மெழுகு அடைத்தவர் நிலைதான். லாரியின் காற்றுப் பிரேக் சீறும் ஒலியும் சில வேளை அதனை ஏமாற்றும்.

இவையனைத்தினும் முக்கியமானது ஒன்று உண்டு. கருவி இருப்பதை அறிவிக்கும், இல்லாமையை அறிவிக்காது. பின்னால் பள்ளமோ, படகுத்துறையின் விளிம்போ, வாய்க்காலோ இருந்தால் அங்கிருந்து எதிரொலியே வராது. அப்போதும் கருவி மௌனமாகவே இருக்கும். வெட்டவெளியின் மௌனமும் பள்ளத்தின் மௌனமும் அதற்கு ஒன்றே.

வேகத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் பின்வாங்கும் கார், நொடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர் கடக்கிறது. உணரியின் எல்லையோ பெரும்பாலும் இரண்டு மீட்டர் அளவுதான். கூவல் எழுந்து, மனிதன் உணர்ந்து, கால் பிரேக்கில் படியும் முன்பே அந்த இரண்டு மீட்டரும் முடிந்துவிடும். ஆகவே, நடைவேகத்திலும் மெதுவாகப் பின்வாங்குபவருக்கே உணரி துணையாகும். விரைபவருக்கு அது அலங்காரப் பொருளே.

எனவே பின்னோட்டக் கியரைப் போடுமுன் இறங்கிச் சென்று ஒரு முறை பார்ப்பதும், குழந்தைகள் உள்ள இடத்தில் ஒருவரைப் பின்னால் நிறுத்திக் கொள்வதும், உணரியின் முகத்தைத் துடைத்து வைப்பதும் ஓட்டுநரின் கடமைகள். அன்று காரங்காட்டில் சிறுமியைக் காத்தது ஒரு முதியவரின் கண்ணும் கையும்.

அறிவியல் கருவியைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. அதன் எல்லையை அறிந்து பயன்படுத்துவதே அதனைப் படைத்தவர்க்குச் செய்யும் மரியாதை. தம் ஆசிரியரைத் தெருவில் ஒரு வண்டிச் சக்கரத்துக்குப் பலி கொடுத்தவர் லாஞ்செவின். அந்த ஆசிரியரின் படிகத்திலிருந்து அவர் வளர்த்த நுட்பம், இன்று தெருவில் வண்டிச் சக்கரங்களுக்கு முன்னே எச்சரிக்கை செய்கிறது. அவர் வாழ்க்கையும் நமக்கு அதையே கற்பிக்கிறது: ஒன்றும் கேட்கவில்லை என்பதாலேயே பின்னால் யாரும் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. சிறைச்சுவருக்கு அப்பால் மௌனமாக்கப்பட்டவர்களுக்காகவும் செவி சாய்த்தவர் அவர். கருவியின் கூவலைக் கேட்போம். அது கூவாதபோது நாமே திரும்பிப் பார்ப்போம்.